சேகரிப்பு நாணயமும் புழக்க நாணயமும்

சேகரிப்பு நாணயம் என்பது புழக்கத்துக்கு விடாமல், சேகரிப்போருக்கென்றே அச்சிட்டு விற்கப்படும் நாணயம் ஆகும். நினைவு நாணயங்கள் எல்லாம் இவ்வகையில் அடங்கா. இந்தியாவில் 1964 இல் நேரு உருவத்துடன் வந்த முதல் நினைவு நாணயங்கள் மக்களிடையே புழங்கியவையே.

தஞ்சைப் பெரிய கோயிலின் 1000 ஆண்டு நிறைவுக்கு இரு நாணயங்கள் வெளியாயின. 5 ரூபாய் நாணயம் கடைகளில் சில்லறையாகப் புழங்கியது. 1000 ரூபாய் நாணயமோ 35 கிராம் எடையும் 80 விழுக்காடு வெள்ளியும் கொண்டது. முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு விற்கப்பட்டது.

ஆகவே உருவத்தை மட்டும் பார்க்காமல் முகமதிப்பு, உலோகம், எடை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பழைய நாணய விற்பனைக்கெனத் தன் பெயரில் கட்டணம் கேட்போரை நம்ப வேண்டாம் என இந்திய ரிசர்வ் வங்கி 2021 இல் எச்சரித்தது.