ய்ஸாமோதிகன் வீட்டுப் பெயர்கள்

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்ட ஆளில்லாமல் போன பெயர்கள் இவை: நகபானன், தீனிகன், ய்ஸாமோதிகன், சஷ்டனன். குஜராத்தையும் மாளவத்தையும் முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆண்ட சக க்ஷத்ரபர் வீட்டுப் பெயர்கள்.

மூன்றாவது பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கும். தடுக்கியது கல்லெழுதியவனுக்கும்தான். 'இசட்' ஒலியில் தொடங்கும் பெயர் அது. பிராமியில் அதற்கு எழுத்தில்லை. மகன் சஷ்டனனின் காசில் அப்பா பெயர் வந்தாக வேண்டுமே! யகரத்தையும் ஸகரத்தையும் ஒட்டி ஒரு கூட்டெழுத்தைச் செய்தார்கள். பிற்பாடு மத்திய ஆசியாவில் கோத்தன் சகர்களும் அதே ஒலியை அப்படித்தான் எழுதினார்கள். ஆய்தத்தைப் பகரத்தோடு சேர்த்து 'ஃபோன்' பேசும் நமக்கு அந்தச் சங்கடம் புரியாததல்ல. கோத்தன் சக மொழியில் நிலத்தைக் குறிக்கும் சொல்லும் இந்தக் கூட்டெழுத்தில்தான் தொடங்குகிறது. அந்த மண்தான் இந்தப் பெயருக்குள் இருக்கிறது என்பார்கள் அறிஞர்கள்.

இந்தப் பெயர்களுக்குச் சாவு எப்படி வந்தது? சாதவாகன அரசன் கௌதமிபுத்திர சாதகர்ணி மீது பழி போடலாம். நாசிக் அருகே ஜோகல்தெம்பியில் 1906இல் கிடைத்த பதின்மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை, நகபானன் முகத்தின் மேலேயே சாதகர்ணி தன் முத்திரையைக் குத்தியவை. ஆனால் அந்த முத்திரைக்கு அடியில் நகபானன் பெயர் இன்னும் எட்டிப் பார்க்கிறது. மேல்முத்திரைக்குத் தப்பிய பெயர் தொட்டிலுக்குத் தப்பவில்லை என்பது என் கட்சி.

நாசிக் குகையில் ஓர் அறைக்கு மேல் பிராகிருத வரி ஒன்று: நகபானன் மகள், தீனிகன் மகன் உஷவதாதனின் மனைவி, தக்ஷமித்திரை கொடுத்த அறை. அப்பா, மாமனார் பெயர்கள் அந்நியம். மகளும் மருமகனும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். உஷவதாதன் வேறு யாருமல்ல, ரிஷபதத்தன்தான். ஒரே தலைமுறை!

சஷ்டனன் கிளையிலும் இதே கதை. மகன் ஜயதாமன், பேரன் ருத்ரதாமன். கி.பி. 150ஐ ஒட்டி ஜுனாகட் பாறையில் நீண்ட சமஸ்கிருதத்தைச் செதுக்கியவன் இந்தப் பேரன். அவன் பிள்ளைகளில் ஒருவன் ருத்ரசிம்மன். இன்னொருவன் மட்டும் தாமய்ஸதன். கொள்ளுப்பாட்டன் அப்பாவின் கூட்டெழுத்து அவன் காசில் கடைசி மூச்சு விடுகிறது. அவனுடைய வேறு காசுகளில் அது 'தாமஜதஸ்ரீ' ஆகிவிட்டது. ஒலி போய், ஜகரம் குடியேறியது.

அதன்பின் காசுகளில் ருத்ரசேனன், விஜயசேனன், யசோதாமன். விளிம்பில் மட்டும், பொருள் தொலைந்த கிரேக்க எழுத்துகள் கோலம்போல நெடுங்காலம் சுற்றிக்கொண்டிருந்தன.