வந்திறங்கும் நாள்: லண்டன் – ஆஸ்திரேலியா வான்வழியின் வரலாறு

கப்பல் காலத்தில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா போனவர்களுக்கு, இறங்கிய முதல் நாளை எப்படிக் கழிப்பது என்ற கவலை இருந்ததில்லை. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகும் நீராவிக் கப்பல் ஐந்தாறு வாரம் எடுத்துக்கொண்டது. கிழக்கே போகப் போக கப்பலின் கடிகாரத்தைச் சிறிது சிறிதாக முன்தள்ளி வைத்தார்கள். சிட்னித் துறைமுகம் கண்ணில் படுவதற்குள் பயணியின் பசியும் தூக்கமும் அந்த ஊர் நேரத்துக்குப் பழகிவிட்டிருந்தன. கடல்நோயும் சலிப்பும் இருந்தன. பட்டப்பகலில் கண் சொருகுவதும் நள்ளிரவில் கொட்டக் கொட்ட விழித்திருப்பதும் இல்லை. பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு அன்றே ஊர் பார்க்கக் கிளம்ப முடிந்தது. பயண நேரம் குறையக் குறையத்தான் வந்திறங்கும் நாள் கடினமானது.

விமானம் வந்தவுடனே இது நிகழ்ந்துவிடவில்லை. 1919 நவம்பர் 12 அன்று லண்டனை ஒட்டிய ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பிய ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் டார்வினில் இறங்கியது டிசம்பர் 10 அன்று. 1935இல் இம்பீரியல் ஏர்வேஸ், குவான்டாஸ் விமான நிறுவனங்கள் இணைந்து பயணிகளை ஏற்றத் தொடங்கியபோது பிரிஸ்பேனிலிருந்து லண்டனுக்குப் பன்னிரண்டரை நாள் ஆனது. ஐரோப்பாவில் ஒரு பகுதியை ரயிலில்தான் கடந்தார்கள்.

1938இல் நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் ‘எம்பயர்’ ரகப் பறக்கும் படகுகள் வந்தன. சிட்னியின் ரோஸ் பே விரிகுடாவிலிருந்து இங்கிலாந்தின் சவுத்தாம்டன் வரை ஒன்பது, பத்து நாள். பயணிகள் பதினைந்து பேர். சிங்கப்பூர், பினாங்கு, பாங்காக், ரங்கூன், கல்கத்தா, அலகாபாத், குவாலியர், கராச்சி என்று ஆறும் ஏரியும் கடலும் பார்த்து இறங்கி எரிபொருள் நிரப்பினார்கள். ராஜஸ்தானில் ராஜ்சமந்த் ஏரிகூட ஓர் இறங்குதுறையாக இருந்தது. இருட்டியபின் பறப்பதில்லை. மாலையில் இறங்கி, ஓட்டலில் உண்டு உறங்கி, விடிந்ததும் புறப்படுவார்கள். ஒரு நாளில் மாறிய நேரம் ஒன்றிரண்டு மணிக்கு மேல் போகவில்லை. பத்து மணி நேர வித்தியாசத்தை உடல் பத்துத் தவணையில் கட்டி முடித்தது.

1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும் இந்த வழி அறுந்தது. மறு ஆண்டு அதற்கு ஒட்டுப்போட நடந்த ஏற்பாடு இலங்கையோடு தொடர்புடையது. பெர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து எழும் கட்டலினா விமானங்கள் இந்தியப் பெருங்கடலை எங்கும் நிற்காமல் தாண்டி, காலி நகருக்கு அருகே கொக்கல ஏரியில் இறங்கின. ஜப்பானிய விமானங்களுக்கு அஞ்சி வானொலியில் பேசுவதையும் தவிர்த்தார்கள். எரிபொருளே பெருஞ்சுமை என்பதால் பயணிகள் மூவருக்குத்தான் இடம். பயணம் 27 மணி முதல் 33 மணி வரை நீண்டதால் வழியிலேயே இரண்டு சூரிய உதயங்களைப் பார்த்தார்கள்; அதற்குச் சான்றிதழும் தரப்பட்டது. இரைச்சலிலும் குளிரிலும் ஒரு முழு நாளுக்கு மேல் முடங்கிக் கிடந்தவர்கள் ஏரிக்கரையில் இறங்கும்போது துவண்டுதான் இருந்திருப்பார்கள். ஆனால் அது உடல் அசதி மட்டுமே. பெர்த்துக்கும் இலங்கைக்கும் நேர வித்தியாசம் சிறிது. ஓர் இரவு நன்றாகத் தூங்கி எழுந்தால் அந்த அசதி தீரும். நெடும்பயணக் களைப்பும் நேரமாற்றக் கோளாறும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இரண்டாவது வகைத் தொல்லையை எதிர்பார்த்து முன்கூட்டியே தயாரானவர் வைலி போஸ்ட். டாஸ்மேனியாவில் பிறந்த ஹெரால்டு காட்டியை வழிகாட்டியாகக் கொண்டு 1931இல் 8 நாள் 16 மணிக்குள் உலகைச் சுற்றி வந்த அமெரிக்க விமானி இவர். ஒரே நேரத்தில் உறங்கும் பழக்கத்தை உடைக்க, கிளம்புவதற்கு முன்பே கண்ட கண்ட நேரங்களில் தூங்கிப் பழகினார். சாதாரணப் பயணிக்கு அந்தத் தேவை வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. 1947 டிசம்பரில் குவான்டாஸின் கான்ஸ்டலேஷன் விமானம் சிட்னி – லண்டன் பயணத்தை நான்கு நாளாகச் சுருக்கியபோதும் சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் இராத்தங்கல் இருந்தது.

அந்த இராத்தங்கல்களை ஒழித்தது ஜெட். 1952 மே மாதம் முதல் ஜெட் பயணிகள் சேவை லண்டனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்குப் போனது. அது வடக்கு – தெற்குப் பாதை. கடிகாரம் அதிகம் மாறாததால் கோளாறு வெளியில் தெரியவில்லை. 1958இல் அட்லாண்டிக்கிலும் 1959இல் ஆஸ்திரேலியப் பாதையிலும் ஜெட் பறக்கத் தொடங்கியபின்தான் பிரச்சினை பொதுவானது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் ஹாட்டி, ஆடம்ஸ் இருவரும் 1960களின் நடுவில் சிலரை மணிலாவுக்கும் ரோமுக்கும் சிலிக்கும் பறக்கவைத்துச் சோதித்தார்கள். சிலி போனவர்களுக்குக் களைப்பு இருந்தது, உடலின் நாள்தாளம் குலையவில்லை. கிழக்கு, மேற்காகப் போனவர்களுக்குக் குலைந்தது. 1966இல் ‘ஜெட் லாக்’ என்ற சொல் அமெரிக்கப் பத்திரிகையில் அச்சேறியது.

காரணம் மூளைக்குள் இருக்கும் கடிகாரம். புதிய ஊரின் நேரத்துக்கு அது மாற, தோராயமாக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் வேண்டும். அதன் இயல்பான சுற்று 24 மணியைவிடச் சற்று நீளம். ஆகவே நாளை நீட்டும் மேற்குப் பயணம் எளிது, நாளைக் குறுக்கும் கிழக்குப் பயணம் கடினம். பிரகாசமான ஒளி மனிதரின் உறக்க ஹார்மோனான மெலடோனினின் சுரப்பை அடக்குகிறது என்று 1980இல் ஆல்ஃப்ரெட் லூவி குழுவினர் காட்டியது பெரிய திருப்பம். அந்தக் கடிகாரத்தை நகர்த்தும் முக்கியமான கருவி ஒளி. பழகிய ஊரின் அதிகாலை 4, 5 மணிவாக்கில் உடல் வெப்பம் மிகக் குறைந்திருக்கும். அதற்கு முன் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்தள்ளும்; பின் படும் வெளிச்சம் முன்தள்ளும். இந்த விதி தெரியாமல், ‘இறங்கியதும் வெயிலில் நட’ என்று எல்லாருக்கும் ஒரே அறிவுரை சொல்வது பாதிப் பேருக்குத் தவறாக முடியும்.

1971இல் குவான்டாஸுக்கு ஜம்போ ஜெட் வந்து கூட்டம் பெருகியது. வந்திறங்கும் நாளின் சுற்றுலாத் திட்டங்களை உடலைவிட அதிகமாக வடிவமைத்தவை ஓட்டல் அறைகள். இரவு விமானம் விடியற்காலையில் இறங்குகிறது. முந்தைய விருந்தினர் முற்பகலில் கிளம்பி, அறை சுத்தமாகிக் கைக்கு வர மதியம் 2, 3 மணி ஆகிறது. நடுவில் உள்ள நேரத்தை நிரப்ப உதவியதுதான் பேருந்தில் உட்கார்ந்தபடியே ஊரைச் சுற்றிக் காட்டும் அரைநாள் உலா. இமிக்ரேஷன் வரிசை, லக்கேஜ், நகருக்குள் போகும் வழி எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்தையாவது கழித்துவிட்டுத்தான் அந்த அரைநாளைக் கணக்கிட வேண்டும்.

கிழக்கே போகிறவர்களுக்குப் பழைய இராத்தங்கலின் இடத்தைச் சிங்கப்பூரில் ஓரிரு நாள் தங்குவது பிடித்துக்கொண்டது. கோடையில் லண்டனிலிருந்து வந்து காலை 7 மணிக்கு சாங்கி விமான நிலையத்தில் இறங்குபவருக்கு உடல் நேரம் நள்ளிரவு. உடல் வெப்பம் அடிமட்டத்தைத் தொடுவது சிங்கப்பூர் நேரப்படி 11, 12 மணிக்கு. அதுவரை வெயிலில் அலைந்தால் கடிகாரம் தவறான திசையில் நகரும். பெட்டியை ஓட்டலில் ஒப்படைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியோடு தேசிய அருங்காட்சியகம் போன்ற கட்டடத்துக்குள் முற்பகலைக் கழிப்பது நல்லது. அறை கிடைத்ததும் அரைமணித் தூக்கம், அலாரம் வைத்து. பிறகு மாலை வரை தாவரவியல் பூங்காவில் நடை. விளக்கு வைத்தபின் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலும் அருகிலேயே சாப்பாடும். இரவு 9, 10 வரை தாக்குப்பிடித்தால் போதும்.

மேற்கே போகிறவருக்குக் கணக்கு தலைகீழ். 2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு இடைநில்லா விமானம் தொடங்கியது, 14,498 கி.மீ., ஏறக்குறைய 17 மணி நேரம். அது லண்டனில் இறங்கியது காலை 5 மணியளவில். கோடை நேரப்படி பெர்த்தில் அப்போது நண்பகல். அடிமட்ட நேரம் லண்டனின் இரவு 9, 10 மணி என்பதால் பகல் வெளிச்சம் முழுவதும் உதவும், பிற்பகலும் மாலையும் மிக அதிகமாக. காலையில் ஹைட் பார்க்கையோ தேம்ஸ் கரையையோ மெல்ல நடந்து பார்க்கலாம். அறை கிடைத்ததும் கட்டிலில் சாயாமல், குளித்துவிட்டு மறுபடி வெளியே வருவதில்தான் அன்றைய வெற்றி இருக்கிறது. மாலை 6 மணிக்குப் பெர்த்தில் நள்ளிரவு தாண்டியிருக்கும். நாடக டிக்கெட் வாங்கியிருந்தால் இருக்கையிலேயே தூக்கம் வந்துவிடும். நேரம் குறித்த நுழைவுச்சீட்டுகளை இரண்டாம் நாளுக்கு வைப்பதும், முதல் நாளில் வாடகைக் கார் ஓட்டாமல் இருப்பதும் இரு திசைக்கும் பொது.

2019 அக்டோபரில் குவான்டாஸ் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு 19 மணி 16 நிமிட ஆய்வுப் பயணம் ஒன்றை நடத்தியது. கொக்கல விமானங்களின் இரண்டு உதயங்களை நினைவூட்டும் ‘ப்ராஜெக்ட் சன்ரைஸ்’ திட்டத்தின் பகுதி அது. வழக்கமாக இரவு விமானம் எழும்பியதும் உணவு தந்து விளக்கை அணைப்பார்கள். இதில் ஆறு மணி நேரத்துக்கு விளக்குகளை எரியவிட்டு, காரமான உணவு கொடுத்து, பயணிகளை நடக்கவும் உடலை நீட்டி மடக்கவும் வைத்தார்கள்; சிட்னியில் இரவு ஆகும் நேரத்தில்தான் தூங்கவிட்டார்கள். கப்பலின் கடிகாரம் வாரக்கணக்கில் செய்த வேலையில் ஒரு பங்கை விமானத்துக்குள்ளேயே தொடங்கிவைக்கும் முயற்சி அது.