கோடும் பத்தரும் சேரும் இடம்

நரம்பாலோ கம்பியாலோ ஒலிக்கும் கருவி எதுவாயினும், அதன் கழுத்து உடலோடு பொருந்தும் இடமே இழுவிசையின் பெரும்பகுதியைத் தாங்குவதால், கருவி செய்யும் தச்சரின் திறமை அங்கேதான் சோதிக்கப்படுகிறது. காரைதீவில் 1892இல் பிறந்து, விஞ்ஞான ஆசிரியராயிருந்து பின்னர் துறவு பூண்ட சுவாமி விபுலாநந்தர், 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய தமது 'யாழ் நூல்' என்னும் பேராய்வில், பண்களின் கணக்கிற்குள் புகுமுன் யாழின் உறுப்புகளுக்கெனத் தனி இயலொன்று வகுத்தமை இவ்வகையில் கருதத்தக்கது.

வில்யாழின் அமைப்பு எளியது: குடைந்த மரத்தாலான பத்தர் என்னும் ஒலிப்பெட்டியைத் தோற்போர்வை மூட, அதன் ஒரு முனையிலிருந்து கோடு எனப்படும் வளைந்த தண்டு மேலெழும்ப, இரண்டுக்கும் இடையே நரம்புகள் கட்டப்பட்டன. மேலைநாட்டு ஆர்ப்புக்கு உள்ளதுபோல முன்னால் தாங்கும் தூண் இதற்கில்லையாதலின், ஒவ்வொரு நரம்பும் கோட்டைப் பத்தரின் பக்கம் வளைக்கவே முயன்றது. ஒன்றை முறுக்கினால் கோடு மயிரிழையளவு இணங்க, முன்பே சுருதி கூட்டியவை தளரும். பொருநராற்றுப்படை இக்கருவியின் கோட்டைப் படமெடுத்த பாம்புக்கும், நரம்புகளை இறுக்கும் வார்க்கட்டாகிய திவவைப் பெண்ணின் முன்கை வளைகளுக்கும், துளைவாயை அடைத்து முடுக்கிய ஆணியை வளையில் வாழும் நண்டின் கண்ணுக்கும் ஒப்பிடுகிறது. அழகுக்காகச் சொன்ன உவமையெனினும், ஆணி துளைக்குள் எவ்வளவு இறுகப் பொருந்தியிருந்தது என்பதை நண்டுக்கண்ணைப் பார்த்தவர் அறிவர்.

இதன் உறவினதாகிய பர்மிய வில்யாழான சௌங், இன்றும் வாசிக்கப்படுவது. அதன் கழுத்துக்கு இயல்பாகவே வளைந்த வேரைத் தேர்கிறார்கள். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் இழையோட்டம் குறுக்கே வெட்டுண்டு, இழுவிசையில் பிளந்துவிடும் என்பதே காரணம்.

எஃகுக் கம்பி பூட்டிய கிற்றாரில் இழுவிசை எழுபது கிலோவை எட்டும். அதனால் பலர், அடிப்பக்கம் விரிந்து பின்வாங்க இயலாதபடி பூட்டிக்கொள்ளும் புறாவால் மூட்டையும் வச்சிரப்பசையையும் நம்பினர். ஆண்டுகள் கழிந்து கழுத்து சாய்ந்தால், நீராவி செலுத்திப் பசையை இளக்கிக் கழற்றி மறுபடி பொருத்துவதும் அம்மூட்டில் இயலும்.

வீணையிலோ நரம்பு தண்டியின் மேலேயே, அதற்கு இணையாக ஓடுவதால், மூட்டை மடக்கும் விசை வில்யாழினும் குறைவு. யாழ் வழக்கொழிந்ததற்குக் கமகத்தையும் மெட்டுகளின் வசதியையும் காரணங்காட்டுவோர், யாழின் மூட்டின் நலிவையும் அவற்றோடு சேர்த்து எண்ணலாம். தஞ்சாவூரில் முழுப் பலாமரத்துண்டைக் குடைந்து குடத்தையும் தண்டியையும் ஒன்றாகவே செய்யும் ஏகாண்ட வீணை இவ்விடரை அடியோடு ஒழித்தது. எனினும் அதற்கேற்ற பருமனுள்ள பலா அரிதாகவும் விலை மிக்கதாகவும் இருந்தமையால், துண்டுகளைச் சேர்த்துச் செய்யும் ஒட்டு வீணையும் அதனருகே தொடர்ந்து உருவாயிற்று.