மழையை அளந்தது யார் பணம்?

மலையகத்தின் வரலாற்றைக் கூலி, லயம், குடியுரிமை என்ற மூன்று சொற்களைச் சுற்றியே எழுதி வந்திருக்கிறோம். மழைமானிக்கும் அந்த வரலாற்றில் இடம் உண்டு. நுவரெலியா, அட்டன், தலவாக்கலைப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக மழையும் வெயிலும் மண்ணும் செடியின் நோயும் அளக்கப்பட்டு, ஏடுகளில் பதியப்பட்டு வருகின்றன. இந்த அளவீட்டின் செலவைச் சுமந்தவர்கள் யார், அதன் பயன் யாரைச் சேர்ந்தது என்று கேட்டால், தோட்டக் கணக்கில் இன்னும் தீராத கடன் ஒன்று தெரியவரும்.

ஆராய்ச்சிக்குக் காசு போடத் தயங்கினால் என்ன ஆகும் என்பதை இந்த மலைகள் கோப்பிக் காலத்திலேயே கண்டுவிட்டன. 1869 இல் மடுல்சீமைப் பகுதிக் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொடி படர்ந்தது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்த பூஞ்சண அறிஞர் பார்க்லி, அது ஒரு பூஞ்சண நோய் என்று அதே ஆண்டில் இங்கிலாந்திலிருந்து அறிவித்தார். ஆயினும் இதற்கென்றே ஒரு பூஞ்சண ஆய்வாளராக ஹரி மார்ஷல் வார்டை அரசு அமர்த்தியது 1880 இல்தான். அவர் செடிகளுக்கிடையே கண்ணாடித் தகடுகளை வைத்து, காற்றில் மிதந்து வரும் வித்திகளைப் பிடித்துக் காட்டினார். காட்டை வெட்டி மலை மலையாக ஒரே பயிரை நட்டதே நோய்க்கு வழி திறந்தது என்றும் விளக்கினார். சொன்னது சரி, ஆனால் பதினோர் ஆண்டுகள் கடந்திருந்தன. கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. துரைமாரில் பலர் நொடித்துப்போனார்கள். வேலையிழந்த தொழிலாளர்கள் பலர் வந்த வழியே தமிழகம் திரும்பினார்கள்.

கோப்பிக்குப் பின் வந்த தேயிலை அந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1925 இல் சட்டத்தின் மூலம் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. பின்னர் தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. ஏற்றுமதியாகும் தேயிலைமீது விதித்த செஸ் வரியே அதன் வருமானமாக இருந்தது. பூச்சியும் நோயும் வரும்வரை காத்திராமல், ஆண்டு முழுவதும் வானிலையையும் மண்ணையும் கவனிக்கும் ஆட்களுக்கு அந்தப் பணம் சம்பளம் கொடுத்தது. 1946 இல் தேயிலைக் கொழுந்தைத் தின்னும் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தபோது, எதிர்கொள்ள ஒரு நிறுவனம் தயாராக இருந்தது. செப்பு மருந்து தெளிப்பதோடு ஆய்வு நிற்கவில்லை. விசர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் வெயிலும் மழையும் இந்நோயை எப்படி ஆட்டிவைக்கின்றன என்ற ஆய்வை 1961 இல் வெளியிட்டார்கள். இலை ஈரமாக இருக்கும்வரைதான் வித்தி முளைக்கும். வெயில் நேரம் கூடினால் நோய் தணியும். ஆகவே வெயிலை நாள்தோறும் அளந்தால் மருந்து எப்போது தேவை, எப்போது வீண் என்று சொல்லலாம். பொறுமையான அவதானிப்பு பயிரையும் பணத்தையும் மிச்சப்படுத்தியதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இனி அந்தச் செஸ் வரிக்கு வருவோம். ஏலத்தில் தேயிலையின் விலையைத் தீர்மானித்தவர்கள் வாங்குபவர்கள். வரியை அவர்கள் தலையில் எளிதில் ஏற்றிவிட முடியாது; அது உற்பத்திச் செலவுக்குள்தான் அடங்க வேண்டும். அந்தச் செலவின் பெரும்பகுதி கூலி. எனவே ஆராய்ச்சிப் பணத்தின் ஒரு பங்கு கொழுந்து பறித்த பெண்ணின் கூடையிலிருந்து போனது. கொப்புள நோய் வந்து இரண்டே ஆண்டுகளில், 1948 குடியுரிமைச் சட்டம் அவளை நாடற்றவளாக்கியது. பொதுப்பணத்தில் பங்கு போட்டவள் பொதுமக்களில் ஒருத்தியாக எண்ணப்படவில்லை.

வரி கட்டியது கம்பெனிதானே, ஆராய்ச்சியும் பயிருக்காக ஏற்பட்டதுதானே என்று கேட்கலாம். கம்பெனியின் பங்கை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 1975 இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையான பிறகு அந்த வாதத்துக்குப் பாதி வலுவும் இல்லை. தவிர, பயிருக்கென்று எடுத்த அளவு பயிரோடு முடிந்துவிடுவதில்லை. நுவரெலியாவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து தொடரும் மழைப் பதிவுகள் இருந்ததால்தான், மேல் மகாவலிப் பகுதியில் மழை குறைந்து வந்ததைப் பேராசிரியர் மத்தும பண்டார போன்றவர்களால் காட்ட முடிந்தது. செய்மதி வந்துவிட்ட காலத்தில் தோட்டத்து மழைமானி எதற்கு என்பது இன்னொரு கேள்வி. ஒரு மலைமுகட்டின் இப்பக்கம் கொட்டும் மழை அப்பக்கம் தூறலாக இருக்கும் நாடு இது. செய்மதியின் கணிப்பைத் தரையில் விழுந்த நீரோடு ஒப்பிட்டுத்தான் நம்ப முடியும். விட்டுப்போன ஆண்டுகளின் பதிவை எந்தச் செய்மதியாலும் திரும்ப எழுத முடியாது.

அறிவு இருந்தும் அது சேரவேண்டியவரைச் சேராதபோது நேர்வதை 2014 ஒக்டோபர் 29 காட்டியது. ஊவாப் பக்கம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 லும் 2011 லும் எச்சரித்திருந்தது. ஆனால் பாதுகாப்பான இடத்தில் அங்கிருந்தவர்களுக்கு வீடு அமையவில்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழித்திருக்க வேண்டும், 150 ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்ற அளவுகள் இன்று உண்டு. மழை அவற்றை எட்டியதா என்று தெரிந்துகொள்ளத் தோட்டத்துக்குப் புதிய கருவி தேவையில்லை. காலையில் மழைமானியைப் பார்த்து ஒப்பீசில் எழுதும் எண்ணே போதும். ஆராய்ச்சிக்கு அரசு தரும் பணம் கூடவேண்டும், அந்தப் பதிவுகள் அறுபடாமல் தொடரவேண்டும். அதோடு, எந்த மலையில் எத்தனை கிலோ என்று நாள்தோறும் கூடிநிற்கும் தொழிலாளர்களுக்குச் சொல்லப்படும் அதே பெரட்டுக் களத்தில், நேற்றிரவு பெய்த மழையின் அளவும் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். அந்த எண்ணுக்கான விலையை அங்கே நிற்பவர்களும் அவர்களுடைய பாட்டிமாரும் முன்பே கொடுத்துவிட்டார்கள்.