கால்கட்டு!

'பையன் ஊர் சுத்திக்கிட்டே இருக்கான்... ஒரு கால்கட்டு போட்டாதான் சரிப்படுவான்!' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கல்யாணத்துக்கு நாம் வைத்திருக்கும் செல்லப் பெயர் அது. நமக்கு வெறும் பேச்சு வழக்கு. சீனாவில் அது நிஜமாகவே நடந்தது. அங்கே முதலில் பெண்ணின் காலைக் கட்டினார்கள். அப்புறம்தான் கல்யாணப் பேச்சே!

எல்லாம் ஒரு நடனத்தில் ஆரம்பித்தது என்கிறது கதை. பத்தாம் நூற்றாண்டில் தெற்கு டாங் நாட்டை ஆண்டவர் லீ யூ. கவிஞர், மகா ரசிகர். அவருடைய ஆசை நாயகி யாவ்நியாங், பாதங்களைப் பட்டுத் துணியால் பிறை நிலா போல வளைத்துச் சுற்றிக்கொண்டு, தங்கத் தாமரை மேடையில் ஆடினாளாம். அந்தப்புரமே சொக்கிப் போனது. 'நாமும் கட்டிப் பார்த்தால் என்ன?' என்று மற்ற பெண்களுக்கும் ஆசை வந்தது என்கிறார்கள்.

கதை எப்படியோ... ஆதாரம் இருக்கிறது. 1243-ல் இறந்துபோன ஹுவாங் ஷெங் என்ற இளம்பெண்ணின் கல்லறை ஃபூஜோ நகரில் கிடைத்தது. அவளுடைய காலணிகளின் நீளம் சுமார் 14 செ.மீ.தான்! அரண்மனையில் தொடங்கிய மோகம் பணக்கார வீடுகளுக்குப் பரவி, பிறகு குடிசைக்கும் வந்துவிட்டது.

எப்படிக் கட்டினார்கள்? மனசைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். பெண்ணுக்கு ஐந்தாறு வயசு ஆனதும், கட்டை விரலை விட்டுவிட்டு மற்ற நாலு விரல்களையும் பாதத்துக்கு அடியில் மடக்கி, நீளமான துணியால் இறுக்கிச் சுற்றுவார்கள். அந்தக் காலோடு குழந்தை நடக்க வேண்டும். அவளுடைய எடையே அவளுடைய விரல்களை ஒடிக்கும். சில நாள் கழித்து அவிழ்த்து, கழுவி, முன்னைவிட இறுக்கமாக மறுபடியும் கட்டு! பாதம் வில்லாக வளைந்து, குதிகாலும் முன்பாதமும் நெருங்கி வரும். லட்சியம், 'மூன்று அங்குலத் தங்கத் தாமரை' - அதாவது சுமார் பத்து செ.மீ. புண்ணாகிச் சீழ் வைப்பது சகஜம். விரல்கள் அழுகி விழுந்ததும் உண்டு. குழந்தை செத்துப்போனதும் உண்டு. 'ஒரு ஜோடி சின்னக் கால், ஒரு ஜாடிக் கண்ணீர்' என்பது சீனப் பழமொழி.

கட்டியது யார்? பெரும்பாலும் பெற்ற தாய்! அவள் ராட்சசியா என்ன? இல்லை. அவள் கையில் ஒரு தராசு இருந்தது. ஒரு தட்டில் மகளின் ரணம். இன்னொரு தட்டில் மகளின் வாழ்க்கை. பெரிய பாதம் என்றால் நல்ல இடத்தில் மாப்பிள்ளை கிடைக்காது. எனவே, 'கொஞ்சம் பொறுத்துக்கோடி கண்ணு!' இன்னொரு லாபமும் இருந்தது. லாரல் பாசன், ஹில் கேட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட புத்தகத்தில் அதைச் சொல்கிறார்கள் - கால் கட்டப்பட்ட சிறுமி ஓடி விளையாட முடியாது. ஒரே இடத்தில் உட்கார்ந்து நூல் நூற்பாள்! வயலில் இறங்கி உழைத்த ஹக்கா பெண்களுக்கோ கால் கட்டும் பழக்கமே கிடையாது.

தடை போட்டால் தீராதா? பேரரசர் காங்ஷி காலத்தில், 1660-களில் போட்டார்கள். 1668-ல் அதை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று! நாட்டின் ஆண்களையெல்லாம் முன்தலையை மழித்துச் சடை போட வைத்த மஞ்சு அரசாங்கத்தால், பெண்ணின் கால்கட்டை அவிழ்க்க முடியவில்லை.

பிறகு எது அவிழ்த்தது? ஒரு சத்தியம்! 1870-களில் ஷியாமென் நகரில் கிறிஸ்தவப் பாதிரியார்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். கான்டன் பகுதியில் சீர்திருத்தவாதி காங் யூவெய் களமிறங்கினார். 1895-ல் ஷாங்காயில் அலிசியா லிட்டில் என்ற ஆங்கிலப் பெண்மணி இன்னொரு சங்கம் தொடங்கினார். இத்தகைய சங்கங்களில் பெற்றோர்கள் செய்த சத்தியத்தைப் பாருங்கள் - 'என் மகளுக்குக் கால் கட்ட மாட்டேன். என் மகனுக்குக் கால் கட்டிய பெண்ணை எடுக்க மாட்டேன்.' இந்த இரண்டாவது வரிதான் சூட்சுமம்! பெரிய பாதம் உள்ள பெண்ணுக்கும் மாப்பிள்ளை ரெடி. தராசின் எதிர்த்தட்டு காலி! 1902-ல் பேரரசி சிஷியின் ஆணை, 1912-ல் குடியரசின் தடை. பல ஊர்களில் ஒரே தலைமுறையில் பழக்கம் மறைந்தது.

ஆனால், பில் பிற்பாடுதான் வந்தது. பெய்ஜிங் பாட்டிகளைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 1997-ல் வெளியானது. 80 வயதைத் தாண்டியவர்களில், கால் கட்டப்பட்டவர்களில் 38 சதவிகிதம் பேர் முந்தைய ஒரு வருடத்தில் தடுக்கி விழுந்திருந்தார்கள். மற்றவர்களில் 19 சதவிகிதம்தான். ஐந்து வயதில் போட்ட கட்டு, எண்பது வயதில் தள்ளிவிட்டது!

'அதெல்லாம் பழைய கதை' என்கிறீர்களா? 2000-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒரு புது மோகம் கிளம்பியது. ஹை ஹீல்ஸ் பொருந்துவதற்காகக் காலில் ஆபரேஷன்! நீளமான விரலைக் குட்டையாக்குவது, கட்டை விரல் ஓரத்துப் புடைப்பைச் சீவுவது, உள்ளங்காலில் ஊசியால் 'மெத்தை' வைப்பது... அமெரிக்காவின் கால், கணுக்கால் எலும்பு மருத்துவர்கள் சங்கம் 2003-லேயே எச்சரித்தது - வெறும் அழகுக்காகக் காலில் கத்தி வைக்காதீர்கள்!

இரண்டும் ஒன்றல்ல. இங்கே முடிவெடுப்பவர் வளர்ந்த பெண். மயக்க மருந்து உண்டு. நடக்கவே முடியாதபடி வலிக்கிறது என்றால் ஆபரேஷன் நியாயமானதும்கூட. ஆனால், வலியே இல்லாத காலுக்கு? ஒரு பாதத்தில் 26 எலும்புகள். மொத்த உடம்பையும் பங்கு போட்டுச் சுமக்கின்றன. ஒன்றை வெட்டிக் குட்டையாக்கினால் அதன் பாரம் பக்கத்து எலும்பின் தலையில் விழும். நரம்பு அடிபடலாம், மூட்டு விறைக்கலாம், கிருமி தொற்றலாம். இல்லாத வலி புதிதாக வந்து குடியேறலாம். மூக்கின் மேல் நாம் நடப்பதில்லை... காலின் மேல் நடந்தாக வேண்டுமே!

ஆகவே கத்திக்கு முன்னால் தராசை எடுப்பது நல்லது. எதிர்த்தட்டில் இருப்பது என்ன? உண்மையான வலியா... இல்லை, ஒரு ஜோடி செருப்பா? செருப்புதான் என்றால், அதை மாற்றிப் பாருங்கள். ஷாங்காய் பெற்றோர் கண்டுபிடித்ததும் அதைத்தான் - மாற வேண்டியது கால் அல்ல!