காலடிக்குச் சொந்தக்காரர்கள்

1927இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ ஓடிய ஓட்டத்தில், மௌனப்படமாக எடுத்திருந்த ‘ஷோ போட்’ படத்துக்கும் ஒலி சேர்த்தாக வேண்டிய நிலை யுனிவர்சல் நிறுவனத்துக்கு வந்தது. 1929இல் வெளிவந்த அந்தப் படத்துக்காக, ஓடும் காட்சியைப் பார்த்தபடியே ஜாக் ஃபோலியும் உடனிருந்தோரும் சத்தங்களை எழுப்பிப் பதிவு செய்தார்கள். சிரட்டையைத் தட்டிக் குதிரையை ஓடவிடும் வித்தை நாடக மேடையில் முன்பே உண்டு. ஃபோலி ஒரு படி மேலே போய், நடிகர் ஒவ்வொருவரின் நடையையும் பழகினார். பிறகு கைத்தடியின் துணையோடு ஒரே ஆளாகப் பலர் நடப்பதுபோலவும் கேட்கவைத்தார்.

படப்பிடிப்பில் மைக் பேசுபவரின் வாயைத்தான் குறிவைக்கிறது. சேலை உரசுவதும் டம்ளரைக் கீழே வைப்பதும் அதில் சரியாக விழுவதில்லை. மொழிமாற்றத்துக்காக வசனத்தை நீக்கினால், கூடவே விழுந்த கொஞ்சநஞ்சச் சத்தமும் போய்விடும். அதனால் அன்றாடச் சத்தங்களைத் தனியே செய்து வைக்கிறார்கள். பல பத்தாண்டுகள் குரலையே பிற்பாடு டப்பிங் செய்த தமிழ்ப் படங்களில், நாம் கேட்ட காலடிகளும் பெரும்பாலும் ஒலிக்கூடத்தில் பிறந்தவைதான்.

முதுகலை படித்த நாட்களில், திரைப்படக்கலை பயின்ற அறைத்தோழனின் எட்டு நிமிடப் படத்துக்கு ஒலி வேலையில் கைகொடுத்தேன். தனியே சமைக்கும் ஒரு தமிழ்த் தாயின் கதை அது. கல்லூரியின் ஒலித் தொகுப்பில் மழை, கதவு, ரயில் எல்லாம் இருந்தன. சோளமாவைப் பையில் கட்டி அழுத்தினால் பனியில் நடக்கும் சத்தம் வரும் என்பதை ஆசிரியர் சொல்லித் தந்தார். தேங்காய் துருவும் சத்தம்தான் எங்கும் இல்லை. நாங்களே துருவிப் பதிந்தோம். மைக் அருகில் இருந்தபோது மரம் அறுப்பதுபோல் கேட்டது. தள்ளி வைத்து, துருவிக்கு அடியில் துணி விரித்தபின் தேங்காயானது. வேகம் பிடிபடத்தான் நேரமெடுத்தது. ஓட்டை நெருங்கும் இடத்தில் கை சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கம், அம்மா துருவுவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கே தெரியும்.

ஃபோலி 1967இல் மறைந்தார். அவர் உழைத்த படங்களின் பெயர்ப் பட்டியலில் அவருக்குப் பெரும்பாலும் இடம் கிடைக்கவில்லை. இன்று அந்தத் தொழிலுக்கே அவர் பெயர்தான். ஒலித் தொகுப்புகளும் விரல் நுனிக்கு வந்துவிட்டன. ஆனால் அவற்றில் இருப்பது பதிந்தவர்களின் காதுக்குப் பழகிய உலகம். நம் பிள்ளைகள் எடுக்கும் படத்தில் நம் அடுக்களை கேட்க வேண்டுமானால், அதைக் கேட்டு வளர்ந்த ஒருவர் மைக் முன் உட்கார வேண்டும். அவர் பெயரும் திரையில் வர வேண்டும்.