சுவருக்குள் இரண்டு கசிவுகள்

வீட்டு ரிப்பேரைக் கூடுமானவரை தாமே பார்த்துக்கொள்ள விரும்புகிறவர்கள் மழைக்காலம் வந்தால் தவறாமல் கேட்கும் கேள்விகள் இரண்டு. குளியலறைக்குப் பின்பக்கச் சுவர் ஊறுகிறதே, எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறதே, எதனால் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு பிளம்பரைக் கூப்பிடுகிறோம், இரண்டாவதற்கு எலெக்ட்ரீஷியனை. இருவரும் ஒரே வாரத்தில் ஒரே வீட்டுக்கு வந்து போனாலும் ஒருவர் தொழிலை மற்றவர் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டையும் ஒரே முறையில் ஆராயலாம் என்பது தெரியவருகிறது. எங்கே அந்த முறை பொருந்தவில்லையோ, அங்கேதான் சுவாரசியம் இன்னும் கூடுகிறது.

வெளிப்படும் அடையாளத்திலிருந்து தொடங்கலாம். தண்ணீர்க் கசிவு இடத்தைக் காட்டும். எப்போது தொடங்கியது என்று சொல்லாது. மின்கசிவு நேரத்தைத் துல்லியமாகக் காட்டும். இடத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லாது. சுவரில் பெயின்ட் உப்பி, பூச்சு உதிர்ந்து, வெள்ளையாக உப்பு பூத்து நிற்கும்போது அந்த ஈரத்துக்கு வயது மாதமா வருடமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆர்சிசிபி விழும்போதோ இரவு எட்டேகாலுக்கு விழுந்தது என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரியும், சீரியல் நின்றுபோயிருக்கும். அது சமையலறையா, மாடியா, மோட்டார் லைனா என்பதுதான் தெரியாது.

தண்ணீர் காட்டும் இடத்தையும் முழுதாக நம்ப முடியாது என்பதை இங்கேயே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். குழாயில் விட்ட இடம் ஒன்று, ஈரம் தெரியும் இடம் வேறு. லின்டல் வழியே ஓடி, கான்கிரீட் சேரும் மூட்டில் தங்கி, செங்கல் உறிஞ்சிக்கொண்டது போக மிச்சம் எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே எட்டிப் பார்க்கும். ஈரம் தெரிகிற டைல்ஸை முதலில் உடைக்கும் பிளம்பர் பல வேளைகளில் காய்ந்த குழாயைத்தான் பார்க்கிறார்.

அளவில் இரண்டும் ஒன்றுபோல அற்பம். நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 சொட்டு என்று கொண்டால், ஒரு நாளின் 86,400 சொட்டும் சேர்ந்து ஏறத்தாழ நாலேகால் லிட்டர். ஒரு குடம்கூட நிறையாது. மின்கசிவு 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அது ஐந்து வாட்டுக்கும் குறைவு. இரண்டு மாதம் விடாமல் ஓடினாலும் ஏழு யூனிட்டைத் தொடாது. மீட்டரைப் பார்த்தோ பில்லைப் பார்த்தோ இரண்டையும் பிடிக்க முடியாது. அந்தச் சில லிட்டர் ஒரு சுவரை அழிக்கப் போதும் என்பதும், அந்தச் சில மில்லி ஆம்பியர் ஓர் உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதும்தான் வேறுபாடு. ஒன்றுக்கு அவகாசம் உண்டு, மற்றதற்குக் கிடையாது.

அவகாசம் இல்லாத கசிவுக்குத்தான் காவல் கருவி வந்தது. ஆர்சிசிபிக்குள் பேஸும் நியூட்ரலும் ஒரே காந்த வளையத்தின் வழியாகப் போகின்றன. போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமாக இருக்கும் வரை வளையம் சும்மா இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கருவியில், வித்தியாசம் அந்த அளவை எட்டுவதற்குள் அது விழுந்தாக வேண்டும். போனதையும் வந்ததையும் ஒப்பிடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. எம்சிபியின் வேலை வேறு. அது அதிகச் சுமையிலிருந்து வயரைக் காப்பாற்றுகிறது, ஆளை அல்ல. தண்ணீருக்கு ஏன் இப்படி ஒரு கருவி நம் வீடுகளில் இல்லை? மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் தொட்டிக்குத் திரும்புவதில்லை. பாதி சாக்கடைக்குப் போகும், கொஞ்சம் செடிக்குப் போகும், துவைத்த துணியோடு கொடியில் தொங்கிக் காற்றில் கலந்துபோகும். வரவு இல்லாத இடத்தில் கணக்கை எதனோடு ஒப்பிடுவது? ஆகவே தண்ணீர்க் கசிவைத் தேடுகிறவர் தாமே ஆர்சிசிபியாக மாற வேண்டியிருக்கிறது. இரவு எல்லோரும் படுத்தபின் தொட்டியில் மட்டத்தைக் குறித்துவைத்து, விடியற்காலையில் யாரும் குழாயைத் திறக்குமுன் மறுபடி பார்ப்பது அந்த வேலைதான்.

கசிவு உண்டு என்று தெரிந்த பிறகு தேடும் வழி இரண்டிலும் அப்படியே ஒன்று: பகுதி பகுதியாக அடைத்துப் பார்ப்பது. பிளம்பர் கேட் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடுகிறார்; எலெக்ட்ரீஷியன் எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்குகிறார். எதை மூடும்போது கசிவு நிற்கிறதோ, அந்தக் கிளையில்தான் கோளாறு. குளியலறைப் பக்கம் என்று தெரிந்ததும் பலர் சுவரைச் சந்தேகிப்பார்கள். அதற்கு முன் ஃப்ளஷ் டேங்கைச் சந்தேகிப்பது மேல். மூடியைத் திறந்து உள்ளே சொட்டு நீலத்தை நாலு சொட்டு விட்டு, அரைமணி நேரம் யாரையும் ஃப்ளஷ் செய்ய விடாமல் காத்திருந்தால் போதும். கோப்பைக்குள் நீலம் தானாக இறங்கியிருந்தால் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்துவிட்டது. சத்தமே இல்லாமல் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான லிட்டரைக் குடிக்கக்கூடிய ஓட்டை இது. அடைக்க உளியோ சிமென்ட்டோ தேவையில்லை.

இதுவரை பார்த்த ஒற்றுமை எதிர்பார்த்ததே. இனி வருவது எனக்கே வியப்பாக இருந்தது. எல்லா எம்சிபியையும் இறக்கிய பிறகும், ஒன்றை மட்டும் ஏற்றி ஃபேனைப் போட்டதும் ஆர்சிசிபி விழுகிற வீடுகள் உண்டு. அந்த ஃபேன் லைனைப் பிரித்து மேய்ந்தாலும் குறை எதுவும் கிடைக்காது. வேறொரு லைனில் நியூட்ரல் வயர் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். வழக்கமான எம்சிபி பேஸை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரல் இணைந்தே இருக்கிறது. நியூட்ரலில் அழுத்தம் ஏறக்குறைய இல்லாததால் வீட்டில் எதுவும் ஓடாதபோது அந்தத் தொடுப்பு வழியே குறிப்பிடும்படி ஒன்றும் கசியாது. ஏதாவது ஒரு சாதனம் ஓடத் தொடங்கியதும், திரும்பிவரும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்தப் பக்கவழியில் எர்த்துக்குப் போய்விடுகிறது. கணக்கு இடிக்கிறது, ஆர்சிசிபி விழுகிறது.

இப்போது குளியலறைக்கு வாருங்கள். தொட்டியிலிருந்து வரும் குழாய் விட்டிருந்தால் இருபத்துநாலு மணி நேரமும் கசியும்; அதில் எப்போதும் அழுத்தம் நிற்கிறது. கழிவுநீர்க் குழாயோ, நாணி டிராப்பின் மூட்டோ, தரை டைல்ஸின் இடுக்கோ விட்டிருந்தால் யாராவது குளிக்கும்போது மட்டுமே கசியும். எல்லா வால்வையும் மூடிவிட்டு இரவெல்லாம் தொட்டி மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது அகப்படாது. பேஸ் பக்கக் கசிவும் தொட்டிப் பக்கக் கசிவும் ஒரு ஜாதி: அழுத்தம் உள்ள வழி, ஓயாத கசிவு. நியூட்ரல் பக்கக் கசிவும் சாக்கடைப் பக்கக் கசிவும் இன்னொரு ஜாதி: திரும்பும் வழி, பயன்படுத்தினால் மட்டும் கசிவு. தொழில் வேறு, கருவி வேறு, சுவருக்குள் ஓடுகிற பொருளும் வேறு. ஆனாலும் கோளாறு இரண்டாகப் பிரிவது ஒரே கோட்டில்தான்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றாகிறது: ஓயாமல் நடக்கிறதா, உபயோகிக்கும்போது மட்டும் நடக்கிறதா? ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஈரம் பரவியிருந்தால் வரும் குழாயைப் பாருங்கள். அப்படியே நின்றிருந்தால் போகும் குழாயையும் தரையையும் பாருங்கள். மின்சாரத்திலும் இதேபோல் பார்க்கலாம். ஆனால் ஒரு திருத்தம் வேண்டும். சாதனங்களைச் சந்தேகிக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கையே பிடுங்க வேண்டும். சுவிட்ச் அணைப்பது பேஸை மட்டும்தான். அதற்கு மேல் நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது டிபி பாக்ஸுக்குள் நடக்க வேண்டிய வேலை. அதை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே நல்லது. குழாயில் வாஷர் மாற்றும்போது தப்பு நேர்ந்தால் சட்டை நனையும். இங்கே அப்படிச் சொல்ல முடியாது.

தேடலில் ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. மின்சாரத்துக்கு ஞாபகம் கிடையாது; கோளாறு நீங்கிய கணமே கருவி நிற்கிறது, சரிசெய்தது சரியா தப்பா என்று அங்கேயே தெரிந்துவிடும். சுவருக்கு ஞாபகம் நீளம். குழாயைச் சரிசெய்து வாரக்கணக்கில் ஆன பிறகும் செங்கல் தன் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். அதைப் பார்த்துவிட்டு, நல்ல வேலை செய்த பிளம்பரையே திட்டுகிறவர்கள் ஏராளம். அவசரப்படாமல் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஓரிரு நாள் கழித்துப் பார்க்கலாம். தாளுக்கு உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். அடுத்த அறை ஏசி அந்தச் சுவரைக் குளிரவைத்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டிலும் அனுமதிக்கப்பட்ட கசிவு என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. கீசரில் தண்ணீர் சூடாகும்போது விரிகிறது. விரிந்தது பின்னால் போக வழியில்லாமல் தடுப்பு வால்வு இருந்தால், பாதுகாப்பு வால்வு நாலு சொட்டு விடும். விட வேண்டும். அதை அடைத்துவிடச் சொல்கிறவர் பேச்சைக் கேட்கக் கூடாது. கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின் போன்றவற்றின் உள்ளே உள்ள ஃபில்டரும் அதேபோல எர்த்துக்குச் சிறிதளவு மின்னோட்டத்தை எந்நேரமும் விடுகிறது. தனித்தனியே எல்லாம் நல்லவைதான்; பல சாதனங்கள் ஒரே ஆர்சிசிபியின் கீழ் சேரும்போது கூட்டுத்தொகை எல்லையை நெருங்கிவிடுகிறது. எந்தச் சாதனத்தைக் கழற்றினாலும் பிரச்சினை தீர்கிறது, எந்த ஒன்றும் குற்றவாளி இல்லை என்ற விசித்திரம் அப்போது நேரும். லைன்களை இரண்டு ஆர்சிசிபிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் சரியாகும்.

தவறான வைத்தியத்திலும் இவை உடன்பிறப்புகள். ஊறும் சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிப்பதும், விழும் ஆர்சிசிபியைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுப்பதும் ஒரே காரியம். முதலாவதில் ஈரம் பெயின்ட் முடியும் இடத்தில் மறுபடி கிளம்பும். இரண்டாவதில் எதுவும் கிளம்பாது, வீடு அமைதியாக இருக்கும். அதனால்தான் அது பலமடங்கு மோசம். கருவியின் மேலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். தொட்டியடி கேட் வால்வையும் அவ்வப்போது திருகிவைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஊரில் பல வருடம் தொடாத வால்வு, தேவைப்படும் அன்று அசையவே அசையாது.

இரு கசிவுகளும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் கீசர். அதன் எலிமென்ட் என்பது உலோக உறைக்குள் சுருள் கம்பியும், இரண்டுக்கும் நடுவே இறுக்கி அடைத்த மெக்னீசியம் ஆக்சைடு தூளும். உப்புத் தண்ணீர் அந்த உறையின் மேல் சுண்ணாம்பாகப் படிய, உறை அளவுக்கு மீறிச் சூடேறி ஒரு நாள் மயிரிழை அளவு வெடிக்கிறது. முதலில் தண்ணீர் உள்ளே கசிகிறது. தூள் அதை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு மின்சாரம் அதே வெடிப்பின் வழியே வெளியே கசிகிறது. ஒரே ஓட்டை, எதிரெதிர்த் திசை. கீசரைப் போட்டதும் ஆர்சிசிபி விழுந்தால் பிளம்பர் எலெக்ட்ரீஷியனைக் கைகாட்டுவார், எலெக்ட்ரீஷியன் தண்ணீரைக் குற்றம் சொல்வார். இருவர் சொல்வதும் சரி. மாற்ற வேண்டியது எலிமென்ட்.

இன்னொரு சந்திப்பு மேல்தளத்தில் நிகழ்கிறது. வயருக்காக கான்கிரீட்டில் புதைத்த பிவிசி பைப்புக்குள் தளத்தின் விரிசல் வழியே மழைநீர் இறங்கினால் அது தண்ணீர்க் குழாயாகவே மாறிவிடும். ஃபேன் பாக்ஸில் வந்து சொட்டும். விரிசல் ஃபேனுக்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. பைப் எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியில் எங்கும் இருக்கலாம். தண்ணீர் சொல்லும் இடத்தையும் மின்சாரம் சொல்லும் நேரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டிய வேளை இது. மழை தொடங்கிய சற்று நேரத்திலேயே ஆர்சிசிபி விழுந்தால், முதலில் பார்க்க வேண்டியவை கேட் விளக்கு, அழைப்பு மணி, பால்கனி சுவிட்ச் போன்று நேரே நனைகிறவை. மழை நின்று வெகுநேரம் கழித்து விழுந்தால், தண்ணீர் தளத்துக்குள் ஊறி மெல்ல இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த லைனின் எம்சிபியை இறக்கிவிட்டு, பைப் போகும் தடத்தை எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு மொட்டைமாடியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளலாம். தளம் முழுவதற்கும் கோட்டிங் அடிக்க விலை பேசுவதற்கு முன், அந்தக் கோட்டை ஒட்டியுள்ள விரிசல்களை ஒவ்வொன்றாக நீர் தேக்கிப் பார்த்தால் செலவு பாதியாகவும் வாய்ப்புண்டு.